தென்காசிப் பாண்டியர்: ஒரு சிற்றரசின் எழுச்சி

தென்காசிப் பாண்டியர் என்போர், 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றைய தென்காசி, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளை ஆண்ட பிற்காலப் பாண்டிய மன்னர்கள் ஆவர். மதுரையை இழந்த பின்னர் தெற்கே ஒதுங்கிய பாண்டிய மரபு, குற்றால மலையின் அடிவாரத்தில் மீண்டும் ஓர் அரசாகத் தலையெடுத்தது. இவ்வரசை நிலைநிறுத்தியவன் சடையவர்மன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் (1422–1463).

மாலிக் காபூர் வந்தான், மதுரை வீழ்ந்தது, அத்துடன் பாண்டியர் கதை முடிந்தது என்றே பலரும் பள்ளியில் படித்த நினைவோடு இருக்கின்றனர். ஆனால் மாலிக் காபூர் வந்தது 1311-இல். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் பராக்கிரம பாண்டியன் முடிசூடினான். அதன் பிறகும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பாண்டியர் என்ற பெயரோடு மன்னர்கள் கல்வெட்டுப் பொறித்தனர், கோயில் எடுத்தனர், காப்பியம் இயற்றினர். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வெற்றி வேற்கை கூட இந்த மரபில் வந்த மன்னன் ஒருவன் பாடியதுதான். இத்தனை நீண்ட காலத்தைப் பிற்சேர்க்கை போல ஒரே வரியில் கடந்துவிடுவது பொருத்தமாகாது.

மதுரையை இழந்த கதை

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாடு தென்னாட்டின் முதன்மை அரசாக இருந்தது. முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் (1268 முதல்) வந்த வெனிஸ் நகர வணிகர் மார்கோ போலோ, அந்நாட்டு முத்துக் குளிப்பையும் குதிரை வாணிகத்தையும் வியந்து எழுதியுள்ளார். அந்தச் செழிப்பு வெளிப்பகையால் கெடவில்லை. முதலில் வீட்டுக்குள்ளேதான் கெட்டது. குலசேகரனுக்குப் பின் அரியணை யாருக்கு என்பதில் அவன் மைந்தர் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதினர். சுந்தர பாண்டியன் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிப்பிடுகிறார். அண்ணன் தம்பி சண்டை நடந்துகொண்டிருந்தபோதுதான் தில்லிப் படை தெற்கே இறங்கியது.

பின்னர் நடந்தவை விரைவானவை. மேற்கிலிருந்து வேணாட்டு மன்னன் ரவிவர்மன் குலசேகரன் பாண்டிய நாட்டைக் கடந்து காஞ்சிபுரம் வரை சென்றான். ஏறத்தாழ 1335-இல் மதுரையில் தனிச் சுல்தானகம் அமைந்தது. 1370-களில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் அதை முறியடித்தான். மதுரை மீண்டது, ஆனால் பாண்டியர் கைக்கு மீளவில்லை. வைகைக் கரை விசயநகரத்தின் ஆட்சிக்குள் போனது. பாண்டியர்க்கு எஞ்சியது தாமிரபரணியும் அதன் துணையாறுகளும் பாயும் தென்கோடி நிலமே.

தென்காசி ஏன்?

கொற்கை, திருநெல்வேலி போன்ற பழைய ஊர்கள் இருக்க, மலையடிவாரத்து ஊர் ஒன்று தலைமையிடமானது ஏன் என்ற கேள்வி இயல்பாகவே எழும். விடையில் பெரும்பங்கு நிலத்தில் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் எளிதாகக் கடக்கக்கூடிய இடைவெளிகள் சிலவே. அவற்றில் ஒன்று செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய். பாண்டிய நாட்டிலிருந்து வேணாட்டுக்கும், அங்கிருந்து கொல்லம் துறைமுகத்துக்கும் செல்லும் வழி இது. தென்காசி இந்தக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. வணிகப் பொதி இவ்வழியாகத்தான் போகவேண்டும். பகைவன் படையும் இவ்வழியாகத்தான் வரவேண்டும். வாசலைக் காப்பவனுக்கு வருவாயும் உண்டு, ஆபத்தும் உண்டு.

அடுத்தது தண்ணீர். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும்போது, தென்காசிக்குத் தென்மேற்குப் பருவமழையின் பங்கும் கிடைக்கிறது. கணவாய் வழியே வரும் ஈரக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் சாரலாக விழுகிறது. குற்றாலத்தின் பேரருவியும் ஐந்தருவியும் அப்போதுதான் பொங்குகின்றன. இன்று அந்த மாதங்களைச் 'சீசன்' என்று அழைத்துக் குளிக்கச் செல்கிறோம். அக்கால உழவனுக்கு அது குளிக்கும் நீரன்று, கார் சாகுபடிக்கான நீர். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகளும் கால்களும் அமைத்துக் குளங்களை நிரப்பும் முறை இப்பகுதியில் நெடுங்காலமாக உண்டு. மானூர்ப் பெரிய குளம் போன்றவை சிற்றாற்று நீரால் நிறைபவையே. இரு மழையும் பெறும் நிலம், சிறிதானாலும் ஓர் அரசைத் தாங்கும்.

மூன்றாவது, குற்றாலத்தின் பழம்பெருமை. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது; நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை அங்கு உள்ளது. புதிதாக ஊர் சமைக்கும் மன்னனுக்கு, ஏற்கெனவே புனிதமான மண்ணின் அருகில் இருப்பது பெரும் பலம்.

பராக்கிரம பாண்டியன்

1422-இல் ஆட்சிக்கு வந்த பராக்கிரம பாண்டியனுக்கு முன்னும் பாண்டியர் பெயரில் கல்வெட்டுகள் தென்பகுதியில் உள்ளன. எனினும் தென்காசியை மையமாக்கி அரசை ஒழுங்கு செய்தவன் என்ற சிறப்பு இவனுக்கே உரியது. சங்கரநயினார் கோயில், திருக்குற்றாலம், முதலைக்குளம், வீரகேரளம் ஆகிய இடங்களில் சேரரை வென்றதாக இவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. இவ்வூர்களை நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவன் போரிட்டது வெளிநாட்டில் அன்று. பெரும்பாலும் தன் வீட்டு முற்றத்தில். குற்றாலம் தென்காசியிலிருந்து நடந்து போகும் தொலைவு. பழைய மெய்க்கீர்த்திகளில் கங்கையும் கடாரமும் வருவது போல இதில் வரவில்லை. அரசின் அளவு எது என்பதை மெய்க்கீர்த்தியே ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

ஆயினும் இந்தச் சிற்றரசன் எடுத்த கோயில் சிறியதன்று. சக ஆண்டு 1368, அதாவது 1446-இல், சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதர் கோயில் பணியைத் தொடங்கினான். ஊர் தென்காசி எனப் பெயர் பெற்றது இந்தக் கோயிலால்தான்.

தல வரலாறு இதற்கு ஓர் அழகிய காரணம் சொல்கிறது. காசிக்குச் சென்று விசுவநாதரை வணங்க விரும்பும் தென்னாட்டு அடியார் பலர் வழியிலேயே இறந்துபோவதால், தெற்கிலேயே தமக்குக் கோயில் எடுக்குமாறு இறைவன் பாண்டியன் கனவில் தோன்றிப் பணித்தாராம். எறும்புகள் சாரையாகச் செல்லும் வழியைப் பின்பற்றிப் போனால் லிங்கம் கிடைக்கும் என்றாராம். எறும்புச் சாரை சிற்றாற்றங்கரைச் செண்பகவனத்தில் போய் முடிந்தது; அங்கே கோயில் எழுந்தது. இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் உட்பொருள் அரசியலுக்கும் பொருந்துகிறது. மீனாட்சி சொக்கநாதர் உறையும் மதுரை பாண்டியனிடம் இல்லை. முன்னோர் முடிசூடிய நகரை இழந்த அரசனுக்கு, யாரும் குறைசொல்ல முடியாத பெரும்பெயர் கொண்ட வேறொரு நகர் வேண்டியிருந்தது. காசியைவிடப் பெரிய பெயர் ஏது?

பணி பதினேழு ஆண்டுகள் நீண்டது. ஒன்பது நிலை இராசகோபுரத்துக்கும் அவனே அடியிட்டான். அதை முடிக்குமுன் 1463-இல் அவன் காலம் முடிந்தது. எஞ்சிய பணியை அவன் தம்பி குலசேகர பாண்டியன் தொடர்ந்தான்.

இக்கோயிலில் தமிழ்ச் செய்யுள் வடிவில் அமைந்த சில கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பராக்கிரம பாண்டியன் தன் வெற்றிகளைப் பெரிதாகப் பேசவில்லை. இத்திருப்பணி தன் ஆற்றலால் ஆனதன்று, இறைவன் அருளால் ஆனது என்கிறான். எதிர்காலத்தில் இக்கோயிலில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் யாராயினும், அவர் காலில் தான் விழுந்து வணங்குவதாகவும் எழுதி வைத்திருக்கிறான். முடிமன்னன் ஒருவன், இன்னும் பிறவாத யாரோ ஒருவரின் அடி பணிகிறான். கோயிலுக்குத் தீங்கு செய்பவரைச் சபிக்கும் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் ஏராளம். காப்பவரை இவ்வளவு தாழ்ந்து வேண்டும் கல்வெட்டுகள் மிகக் குறைவு. பக்தி அதில் இருக்கிறது. அதோடு தன் மரபின் காவல் எந்நாளும் நீடிக்கும் என்று நம்பாத ஒருவனின் தெளிவும் இருக்கிறது. மதுரையில் நேர்ந்ததை அறிந்தவன் அல்லவா?

அதே ஆண்டுகளில் மாஸ்கோ

ஒரு சிற்றரசு எப்படி வளர்கிறது, எப்படி வளராமல் நின்றுவிடுகிறது என்பதை அறிய, அதே காலத்தில் வேறொரு நாட்டில் நடந்ததோடு ஒப்பிடுவது பயன் தரும். ருசியாவில் மாஸ்கோ என்ற சிற்றரசு அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அதுவும் அழிவுக்குப் பின் முளைத்ததே. கீவ் நகரை மையமாகக் கொண்ட பழைய ருசிய அரசு 1240-இல் மங்கோலியரால் சிதைந்தது. பின்னர் ருசியச் சிற்றரசர்கள் மங்கோலியரின் தங்க நாடோடிக் கூட்டத்துக்குத் திறை செலுத்தினர். மாஸ்கோவை ஆண்ட இவான் கலீத்தா (1325–1340) அந்தத் திறையைத் திரட்டித் தரும் பொறுப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டே செல்வந்தன் ஆனான்; கலீத்தா என்றால் பணப்பை என்று பொருள். ருசியத் திருச்சபையின் தலைமைக் குருவையும் மாஸ்கோவுக்கு வரவழைத்து, 1326-இல் கற்கோயிலுக்கு அடிக்கல் நாட்டச் செய்தான். பேரரசுக்குப் பணிதல், பழம்பெருமையைத் தன்பால் இழுத்துக்கொள்ளுதல், கோயில் எடுத்தல் என்ற மூன்றும் தென்காசியிலும் காணக்கூடியவையே.

காலமும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. பராக்கிரம பாண்டியன் ஆண்டது 1422 முதல் 1463 வரை. மாஸ்கோவில் இரண்டாம் வசீலி ஆண்டது 1425 முதல் 1462 வரை. தென்காசியில் கோயில் பணி தொடங்கிய அதே 1446-இல், அரியணைப் போட்டியில் பிடிபட்ட வசீலியின் கண்களை அவன் பங்காளி பிடுங்கச் செய்தான். குருடனான வசீலி மீண்டு வந்து பங்காளிகளை ஒடுக்கி, தன் மகனைத் தன் வாழ்நாளிலேயே உடன் அரசனாக்கினான். அந்த மகன் மூன்றாம் இவான் 1478-இல் நோவ்கோரோதைச் சேர்த்துக்கொண்டான். 1480-க்குப் பின் மங்கோலியருக்குத் திறை செலுத்தும் நிலை நீங்கியது. மாஸ்கோ பேரரசாகும் வழியில் போனது. தென்காசி போகவில்லை.

வளர்ச்சி நின்ற இடம்

பாண்டியரின் திறமைக் குறைவு என்று இதற்கு ஒரே சொல்லில் காரணம் சொல்வோர் உண்டு. அது நியாயமான தீர்ப்பாகத் தெரியவில்லை.

மாஸ்கோவைச் சுற்றி விரிந்து செல்ல இடம் இருந்தது. தென்காசிக்கு மேற்கே மலையும் வேணாடும். வடக்கே விசயநகரத்தார் வசமிருந்த மதுரை. தெற்கில் களக்காடு வரை வேணாட்டு மன்னரின் கை நீண்டிருந்தது. கிழக்கே கடல். பாண்டியரின் பழைய செல்வமான முத்துக்குளித் துறைகளில் 1530-களில் போர்த்துக்கீசியர் காலூன்றினர். பரதவர் அவர்கள் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க சமயம் தழுவியதோடு, கடற்கரை மெல்ல மெல்லப் பாண்டியர் பிடியிலிருந்து நழுவியது.

இரண்டாவது காரணம் அரசுரிமை முறை. தென்காசிப் பாண்டியரின் ஆட்சியாண்டுகளை வரிசைப்படுத்த முயலும் மாணவர் திகைத்துப் போவர். ஒருவர் ஆளும்போதே இன்னொருவரும், சில வேளை மூன்றாமவரும் அரசராகக் கல்வெட்டுப் பொறித்திருக்கின்றனர். குலசேகரனும் அண்ணன் காலத்திலேயே உடன் ஆண்டவன். அழகன் பெருமாள் பராக்கிரம பாண்டியன் 1473-இலிருந்து ஆண்டபோதும் அவனுடன் இன்னொரு குலசேகரன் இருந்தான். தென்காசியில் ஒருவர், கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் எனக் கிளைகள் பகிர்ந்து ஆண்டன. இதனால் 1310-இல் மதுரையை அழித்தது போன்ற உடன்பிறந்தார் போர் பெரிதாக மூளவில்லை. ஆனால் மாஸ்கோவில் நடந்தது போல அதிகாரம் ஒரே கையில் திரளவும் இல்லை. அமைதிக்குக் கொடுத்த விலை அது எனலாம்.

மூன்றாவதே முடிவானது. மேலாதிக்க அரசு தளரும்போதுதான் சிற்றரசு நிமிர முடியும். 16ஆம் நூற்றாண்டில் விசயநகரம் வலுவாக இருந்தவரை அது பாண்டியருக்குத் துணையாகவும் இருந்தது. வேணாட்டாரின் நெருக்குதல் மிகுந்தபோது, விசயநகரப் பேரரசன் அச்சுத தேவராயனின் படை 1532-இல் தாமிரபரணிக் கரை வரை வந்து அவர்களை முறியடித்தது. பாண்டியன் இழந்த நிலங்கள் மீண்டன. பாண்டிய இளவரசியை அச்சுதன் மணந்தான். அதன் பின் ஆட்சிக்கு வந்த சீவல்லப பாண்டியன் (1534–1543) 'இறந்தகாலம் எடுத்தவன்' என்று பட்டம் சூடிக்கொண்டான். போன காலத்தை மீட்டவன் என்பது அதன் பொருள். அந்தப் பட்டத்தில் பெருமிதம் இருக்கிறது. பெருமிதத்துக்கு அடியில் ஏக்கமும் இருக்கிறது.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் சாய்ந்தது. மாஸ்கோவுக்கு மங்கோலியரின் தளர்ச்சி வாய்ப்பானது போல, தென்காசிக்கு இது வாய்ப்பாகியிருக்க வேண்டும். ஆனால் விசயநகரத்துக்கும் தென்காசிக்கும் இடையில் மதுரை நாயக்கர் அமர்ந்திருந்தனர். தலைமை தளர்ந்ததன் பயன் முழுவதும் அவர்களுக்கே போயிற்று. நாயக்கர் வகுத்த பாளையங்கள் தென்காசியைச் சுற்றிலும் எழுந்தன. பாண்டியர் மதுரைக்குத் திறை செலுத்துவோர் ஆயினர். தம் முன்னோரின் தலைநகருக்கே திறை அனுப்பும் நிலை அது.

அரசு சுருங்கியபோது வளர்ந்த தமிழ்

இந்தச் சுருங்கிய அரசிலிருந்துதான் அதிவீரராம பாண்டியன் (1564–1604) வந்தான். தலைக்கோட்டைப் போருக்கு முந்திய ஆண்டில் அரியணை ஏறியவன் இவன். நளன் கதையைக் கூறும் நைடதம், காசிக் காண்டம், கூர்ம புராணம், இலிங்க புராணம் ஆகியவை இவன் இயற்றியவை. 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்ற வழக்குமொழி தமிழ் படித்தவர் அனைவரும் அறிந்தது. நறுந்தொகை என்றும் அழைக்கப்படும் வெற்றி வேற்கை, ஆத்திசூடி, கொன்றை வேந்தனோடு சேர்த்துத் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்விக்கப்பட்ட நீதிநூல். அதை இயற்றியவன் ஓர் அரசன் என்பதை அறியாமலே பல தலைமுறைகள் அதை ஒப்பித்துள்ளன.

நைடதத்துக்கு இவன் நளன் கதையைத் தேர்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. நாட்டை இழந்து காட்டில் அலையும் அரசன் கதை அது. தன் மரபின் நிலையை நினைத்துத்தான் பாடினான் என்று உறுதியாகக் கூற இயலாது; படிப்பவர் மனம் அப்பக்கம் போவதைத் தடுக்கவும் இயலாது. காசிக் காண்டத்தைத் தென்காசி மன்னன் பாடியதில் வியப்பில்லை. இவன் உறவினனும் கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஆண்டவனுமான வரதுங்கராம பாண்டியனும் புலவனே. பிரமோத்தர காண்டம் அவன் செய்தது.

17ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குப் பின் இம்மரபினரின் செய்திகள் அருகிவிடுகின்றன. பெரும்போர் எதுவும் இல்லாமலே பாண்டியர் பெயர் ஆட்சியிலிருந்து மறைந்தது. திருமலை நாயக்கர் மதுரையில் ஆண்ட காலத்தில் தென்காசிப் பகுதி பாளையக்காரர் நாடாகியிருந்தது. பிற்காலத்தில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியபோது, குற்றாலநாதர் கோயிலுக்குப் புரவலராக இருந்தவர்கள் இப்பகுதிப் பாளையக்காரர்களே.

கோபுரம்

பராக்கிரம பாண்டியன் அஞ்சியது பின்னாளில் நடந்தது. இராசகோபுரம் சிதைந்து, மேல்நிலைகள் இன்றி, நடுவே பிளவுபட்டு நெடுங்காலம் நின்றது. ஊரார் அதை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தனர். அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் தென்காசியில் இருக்கின்றனர். பின்னர் அடியார்களின் முயற்சியால் பழைய அடித்தளத்தின் மேல் ஒன்பது நிலைகளும் மீண்டும் எழுப்பப்பட்டு, 1990-இல் குடமுழுக்கு நடந்தது. சாரல் காலத்தில் அந்த வாசலில் நின்றால் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். காப்பவர் காலில் விழுவதாக அரசன் எழுதிய கல்வெட்டு உள்ளே இருக்கிறது.